தேடல் மேலே போகும், திஸ் கீழேயே நிற்கும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய ஓட்டலுக்கு ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் பில் போடும் செயலி எழுதிக் கொடுத்தேன். மேசைக்கு ஒரு ஆப்ஜெக்ட், அதாவது தரவையும் செயல்களையும் சேர்த்து வைக்கும் ஒரு பொட்டலம். சப்ளையர் ஆர்டரைத் தட்டினால் அந்த மேசையின் பட்டியலில் சேரும், சாப்பிட்டு எழுந்ததும் கூட்டி பில் வரும். அவ்வளவுதான் வேலை. மாலைக் கூட்டம் வந்த முதல் அரை மணி நேரத்திலேயே கல்லாவிலிருந்து போன் வந்துவிட்டது. ஏழாம் மேசையில் காபி மட்டும் குடித்தவரின் பில்லில், நான்காம் மேசைக்குப் போன மசால் தோசை ஏறியிருக்கிறது.

எல்லா மேசைக்கும் பொதுவானதை ‘மேசை’ என்ற ஒரே ஆப்ஜெக்டில் வைத்திருந்தேன். தள்ளுபடி பூஜ்யம், உருப்படிகள் என்று ஒரு வெற்று அரே (வரிசைப் பட்டியல்), அப்புறம் ‘சேர்’, ‘கூட்டு’ என்ற இரண்டு மெத்தட் (ஆப்ஜெக்டோடு ஒட்டிய ஃபங்ஷன்). ஆப்ஜெக்ட்.கிரியேட் மூலம் அதிலிருந்து ‘நான்கு’, ‘ஏழு’ என ஒவ்வொரு மேசையையும் உருவாக்கினேன். ஜாவாஸ்கிரிப்டின் சொந்தச் சொற்களை இங்கே நம் எழுத்தில் எழுதுகிறேன். நாம் வைக்கும் பெயர்களுக்கு அந்த மாற்றமே தேவையில்லை. யூனிகோட் எழுத்துகளை இந்த மொழி ஏற்றுக்கொள்வதால், மேலே சொன்ன ஆப்ஜெக்டுகள் இருந்தால் கீழுள்ள வரிகள் அப்படியே ஓடும்.

நான்கு.தள்ளுபடி = 10;
நான்கு.சேர்("மசால் தோசை", 90);

ஏழு.தள்ளுபடி; // 0
ஏழு.உருப்படிகள்; // மசால் தோசை, 90

தள்ளுபடி நான்காம் மேசையோடு நின்றுவிட்டது. தோசை மட்டும் ஏழுக்கும் போய்விட்டது. என்னைத் திணறடித்தது இந்த வித்தியாசம்தான். தள்ளுபடி தனித்தனியாக நிற்பதைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு மேசைக்கும் எல்லாவற்றிலும் ஒரு பிரதி இருக்கிறது என்று நம்பிவிட்டேன். அதனால் கோளாறை நெட்வொர்க்கில் தேடினேன், டேட்டாபேஸில் தேடினேன், சப்ளையர் கையிலிருந்த டேப்லெட்டில்கூடத் தேடினேன். பிரதி என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. ‘ஏழு’ பிறந்தபோது அதற்குள் பெயரும் மதிப்புமாக வைக்கும் ப்ராப்பர்ட்டி ஒன்றுகூடக் கிடையாது. ‘மேசை’யைச் சுட்டும் ஓர் இணைப்பு மட்டும் இருந்தது.

இன்ஹெரிட்டன்ஸை நாம் மரபுரிமை என்கிறோம். அப்பாவின் நிலம் பிள்ளை பேருக்கு எழுதப்பட்டது போன்ற ஓர் எண்ணத்தை அந்தச் சொல் தருகிறது. ஜாவாஸ்கிரிப்டில் எந்தப் பத்திரமும் பதிவாவதில்லை. நிலம் அப்பா பேரிலேயே இருக்கிறது. தேவைப்படும் ஒவ்வொரு முறையும் பிள்ளை போய்க் கேட்கிறது, அவரிடம் இல்லையென்றால் தாத்தாவிடம் கேட்கிறது. இந்த மொழியைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனதில் பதிக்க வேண்டும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். திஸ் (மெத்தட் எந்த ஆப்ஜெக்டுக்காக ஓடுகிறது என்று காட்டும் சொல்) பற்றிய குழப்பம், கிளாஸ் (ஆப்ஜெக்டுகளை வார்க்கும் அச்சு) பற்றிய குழப்பம், பாதுகாப்பு ஓட்டைகள் என்று பின்னால் வரும் பெரும்பாலான சிக்கல்களின் வேர் இங்கேதான் இருக்கிறது.

புள்ளிக்குப் பின்னால் என்ன நடக்கிறது

‘ஏழு.கூட்டு’ என்று எழுதியதும் நிரலை ஓட்டும் இன்ஜின் முதலில் ‘ஏழு’வுக்குள்ளேயே பார்க்கிறது. அந்தப் பெயரில் சொந்த ப்ராப்பர்ட்டி இருந்தால் அதோடு தேடல் முடிந்தது. இல்லையென்றால் ‘ஏழு’ எதைத் தன் ப்ரோட்டோடைப்பாக, அதாவது பெற்றோராக, சுட்டுகிறதோ அங்கே போகிறது. இங்கே அது ‘மேசை’. ‘கூட்டு’ அங்கே கிடைக்கிறது, எடுத்துக்கொண்டு நின்றுவிடுகிறது. ஆப்ஜெக்டை எழுத்தாக்கும் டூஸ்ட்ரிங் மெத்தடை ‘ஏழு.டூஸ்ட்ரிங்’ என்று கேட்டிருந்தால் ‘மேசை’யிலும் கிடைக்காமல் இன்னும் ஒரு படி மேலே, ஆப்ஜெக்ட்.ப்ரோட்டோடைப் வரை போயிருக்கும். அதற்கு மேலே நல், அதாவது ‘எதுவும் இல்லை’. சங்கிலி அங்கே முடிகிறது.

நல் வரை போயும் கிடைக்காவிட்டால் தேடல் பிழை எதுவும் எழுப்புவதில்லை. அன்டிஃபைண்ட் என்ற மதிப்பைக் கையில் கொடுத்துவிடுகிறது. மெத்தட் பெயரில் ஓர் எழுத்தைத் தப்பாக அடித்தால், ‘அப்படி ஒரு பெயர் இல்லை’ என்று செய்தி வராமல் ‘இது ஃபங்ஷன் இல்லை’ என்று வருவது இதனால்தான். தேடல் தன் வேலையைச் சரியாக முடித்து அன்டிஃபைண்டைக் கொடுத்தது, அதை ஃபங்ஷன் என்று நினைத்து அழைத்த இடத்தில்தான் இடித்தது. இரண்டும் இரண்டு தனிக் கட்டங்கள். புதிதாகக் கற்பவர்கள் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு ஃபங்ஷனின் உடம்புக்குள் பிழை தேடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் பார்க்க வேண்டியது புள்ளிக்கு இடப்பக்கம் இருப்பது எந்த ஆப்ஜெக்ட், அதன் சங்கிலியில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைத்தான்.

தேடல் நடப்பது ப்ராப்பர்ட்டியைக் கேட்கும் அந்த நேரத்தில். ஆப்ஜெக்ட் உருவான நேரத்தில் அல்ல. இரவு ஒன்பது மணிக்கு, கடை நடந்துகொண்டிருக்கும்போதே ‘மேசை’யில் ‘பிரி’ என்று ஒரு மெத்தட் சேர்த்தால், மாலை ஆறு மணிக்கே பிறந்த ‘நான்கு’, ‘ஏழு’ எல்லாவற்றிலும் ‘பிரி’யை அழைக்கலாம்.

ஆப்ஜெக்டே இல்லாத மதிப்புகளுக்கும் இதே வழிதான். ஒரு ஸ்ட்ரிங்குக்கு (எழுத்துச் சரத்துக்கு) புள்ளி வைத்து மெத்தட் கேட்டால் ஸ்ட்ரிங்.ப்ரோட்டோடைப்பில் தேடும், எண்ணுக்கு நம்பர்.ப்ரோட்டோடைப்பில் தேடும். அரேயின் மேப், ஃபில்டர் என்ற மெத்தட்கள் எல்லாம் அரே.ப்ரோட்டோடைப்பில் ஒரே ஒரு பிரதியாக உட்கார்ந்திருக்கின்றன. நிரலில் பத்தாயிரம் அரே இருந்தாலும் மேப் ஒன்றுதான்.

சரி, மெத்தட் மேலே இருக்கிறது, தரவு கீழே இருக்கிறது. மெத்தட் ஓடும்போது யாருடைய தரவை எடுக்கும்? நம் வீட்டில் ஆட்டுக்கல் இல்லை, பாட்டி வீட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போய் மாவு ஆட்டுகிறோம். கல் பாட்டியுடையது, அதில் போடும் அரிசியும் உளுந்தும் நம்முடையவை. ‘ஏழு.கூட்டு()’ என்று அழைக்கும்போது ‘கூட்டு’ கிடைத்தது ‘மேசை’யில் என்றாலும், அதற்குள் திஸ் என்பது ‘ஏழு’தான். புள்ளிக்கு இடப்பக்கம் நின்ற ஆப்ஜெக்ட் எதுவோ அதுவே திஸ். ப்ராப்பர்ட்டியைப் படிக்கும்போது தானாக ஓடும் கெட்டர் ஃபங்ஷன்களுக்கும் இதே ஏற்பாடு உண்டு. மேலே ஏறிப்போகும் ஒவ்வொரு படியிலும், முதலில் கேட்டது யார் என்ற தகவலையும் இன்ஜின் கூடவே தூக்கிக்கொண்டு போகிறது. மொழியின் விவரணையில் அதற்கு ரிசீவர் என்று பெயர்.

அந்தப் புள்ளி போய்விட்டால் திஸ்ஸும் போய்விடும். ‘ஏழு.கூட்டு’ என்பதை அழைக்காமல், அந்த ஃபங்ஷனை மட்டும் எடுத்து, சற்று நேரம் கழித்து அழைக்கும் செட்டைம்அவுட்டிடமோ ஒரு பட்டனின் கிளிக்கிடமோ கொடுத்தால், தேடல் அப்போதே முடிந்து வெறும் ஃபங்ஷன் மட்டும் கைமாறுகிறது. ‘ஏழு’வோடு அதற்கிருந்த தொடர்பு அங்கேயே அறுந்துவிட்டது. பைண்ட் மூலம் திஸ்ஸை நிலையாகக் கட்டியோ, தனக்கென்று திஸ் இல்லாத ஆரோ ஃபங்ஷனுக்குள் ‘ஏழு.கூட்டு()’ என்று முழுதாக எழுதியோ அதைக் காப்பாற்றுகிறோம்.

படிப்பது ஒரு விதம், எழுதுவது வேறு விதம்

இப்போது தோசைக்கு வருவோம். படிக்கும்போது தேடல் மேலே ஏறுகிறது. சமக்குறி போட்டு எழுதும்போது மதிப்பு, பொதுவாக, கீழே அழைத்த ஆப்ஜெக்டிலேயே போய் உட்காருகிறது. ‘நான்கு.தள்ளுபடி = 10’ என்றதும் ‘நான்கு’வுக்குள் ‘தள்ளுபடி’ என்ற சொந்த ப்ராப்பர்ட்டி புதிதாகப் பிறந்தது. அதற்குப் பிறகு ‘நான்கு’விடம் தள்ளுபடி கேட்டால் தேடல் மேலே போக வேண்டிய அவசியமே இல்லை; மேலே இருக்கும் பூஜ்யம் மறைந்துவிட்டது. அழியவில்லை, மறைந்திருக்கிறது. ‘நான்கு’விலிருந்து தள்ளுபடியை டெலீட் செய்தால் பூஜ்யம் மறுபடி எட்டிப்பார்க்கும்.

‘சேர்’ மெத்தட் செய்தது வேறு. அதில் திஸ்.உருப்படிகள் என்று படித்து, கிடைத்த அரேயில் புஷ் செய்திருந்தேன். சமக்குறியே இல்லை. படிக்கும் தேடல் மேலே ஏறி ‘மேசை’யின் அரேயைக் கண்டுபிடித்தது, புஷ் அந்த அரேயின் உள்ளே தோசையைப் போட்டது. எந்த ஆப்ஜெக்டிலும் புதிய ப்ராப்பர்ட்டி பிறக்கவில்லை. எல்லா மேசைகளும் அந்த ஒரே அரேயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

இதைவிட நுணுக்கமான ஒரு வரி உண்டு. ‘மேசை.எண்ணிக்கை’ பூஜ்யமாக இருக்கும்போது இப்படி எழுதினால்:

நான்கு.எண்ணிக்கை += 1;

இதை விரித்தால் ‘நான்கு.எண்ணிக்கை = நான்கு.எண்ணிக்கை + 1’. வலப்பக்கம் மேலே போய்ப் பூஜ்யத்தைப் படிக்கிறது, இடப்பக்கம் கீழே ‘நான்கு’வில் ஒன்றை எழுதுகிறது. ஒரே வரியில் படிப்பது ஓரிடம், எழுதுவது வேறிடம். கடை முழுக்க எத்தனை பில் என்று எண்ணுவதற்காக இதை எழுதியவருக்கு ஒவ்வொரு மேசைக்கும் ஒரு தனி எண்ணிக்கைதான் கிடைக்கும். பிழைச்செய்தி எதுவும் வராது, கணக்கு மட்டும் தப்பும்.

எழுதுவது எப்போதும் கீழேயே நடக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. சங்கிலியில் மேலே எங்காவது அதே பெயரில், எழுதும்போது தானாக ஓடும் செட்டர் ஃபங்ஷன் இருந்தால், புதிய ப்ராப்பர்ட்டி பிறக்காது; அந்தச் செட்டர் ஓடும், திஸ் கீழுள்ள ஆப்ஜெக்டாகவே இருக்கும். மேலே உள்ளது மாற்றக்கூடாதது என்று குறிக்கப்பட்டிருந்தால், கீழேயும் சமக்குறி போட்டு அந்தப் பெயரில் எழுத முடியாது. விதிகளைக் கடுமையாகப் பார்க்கும் ஸ்ட்ரிக்ட் மோடில் டைப்எரர் என்ற பிழை வரும். அது இல்லாத பழைய நிரலில் சத்தமே இல்லாமல் அந்த எழுத்து காணாமல் போகும். ஒரு பொது ஆப்ஜெக்டை மாற்ற முடியாதபடி ஃப்ரீஸ் செய்துவிட்டு, அதிலிருந்து பிறந்த ஆப்ஜெக்டுகளில் மதிப்பு ஒட்டவில்லையே என்று தவிப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஏன் இப்படி ஒரு மொழி

1995 மே மாதம் பிரவுசர் தயாரித்த நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்து நாளில் இந்த மொழியின் முதல் வடிவத்தை எழுதினார். பிரவுசருக்குள் ஸ்கீம் மொழியைக் கொண்டுவரலாம் என்று சொல்லித்தான் அவரை வேலைக்கு அழைத்திருந்தார்கள். அதற்குள் ஜாவா மொழியை உருவாக்கிய சன் மைக்ரோசிஸ்டம்ஸோடு பேச்சு தொடங்கி, புதிய மொழி பார்ப்பதற்கு ஜாவா மாதிரி இருக்க வேண்டும் என்று நிர்வாகம் முடிவு செய்துவிட்டது. மோக்கா என்று தொடங்கி, லைவ்ஸ்கிரிப்ட் ஆகி, அந்த ஆண்டு டிசம்பரில் ஜாவாஸ்கிரிப்ட் என்ற பெயரோடு வெளியே வந்தது.

மேல்தோற்றம் ஜாவா. உள்ளே ஃபங்ஷன்கள் ஸ்கீமிலிருந்து வந்தவை, ஆப்ஜெக்டுகள் செல்ஃப் என்ற மொழியிலிருந்து வந்தவை. செல்ஃபை டேவிட் அங்கரும் ராண்டல் ஸ்மித்தும் 1980களின் நடுவில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் வடிவமைத்தார்கள். கிளாஸ் என்ற ஒன்றே வேண்டாம், ஆப்ஜெக்ட் மட்டும் போதும், ஓர் ஆப்ஜெக்ட் தனக்குத் தெரியாததை இன்னொரு ஆப்ஜெக்டிடம் கேட்டுக்கொள்ளட்டும் என்பது அவர்களின் எண்ணம். செல்ஃபில் ஓர் ஆப்ஜெக்டுக்குப் பல பெற்றோர் இருக்கலாம். ஐக் ஒரே ஒரு பெற்றோரோடு நிறுத்திக்கொண்டார். அதனால்தான் நம் தேடல் கிளை பிரியாத ஒற்றைச் சங்கிலியாக இருக்கிறது.

கிளாஸ் இல்லாத ஓர் உடம்புக்கு ஜாவாவின் சட்டையைப் போட்டதில்தான் பெரிய குழப்பம் வந்தது. ஜாவா மாதிரி ‘நியூ’ வேண்டும், ஆனால் கிளாஸ் கிடையாது. எனவே சாதாரண ஃபங்ஷனையே நியூ போட்டு அழைக்கும்படி செய்தார்கள். அப்படி அழைத்தால் புதிய ஆப்ஜெக்ட் ஒன்று உருவாகும். ஃபங்ஷனின் ‘ப்ரோட்டோடைப்’ என்ற ப்ராப்பர்ட்டியில் எது இருக்கிறதோ அது புதிய ஆப்ஜெக்டின் பெற்றோராகும். ஃபங்ஷன் அந்த ஆப்ஜெக்டையே திஸ்ஸாக வைத்து ஓடும். ஃபங்ஷன் வேறு ஆப்ஜெக்ட் எதையும் திருப்பித் தராவிட்டால் இந்தப் புதியது வெளியே வரும்.

இங்கே கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். ஒரு ஃபங்ஷனுக்குள் இருக்கும் ‘ப்ரோட்டோடைப்’ ப்ராப்பர்ட்டி அந்த ஃபங்ஷனின் பெற்றோர் அல்ல. இனிமேல் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கு யார் பெற்றோர் என்று அது கையில் வைத்திருக்கும் முகவரி. ஃபங்ஷனும் ஓர் ஆப்ஜெக்ட்தான். அதன் சொந்தப் பெற்றோர் ஃபங்ஷன்.ப்ரோட்டோடைப்; கால், அப்ளை, பைண்ட் என்ற மெத்தட்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ஒரே சொல்லை இரண்டு வேறு பொருளுக்கு வைத்தது இந்த மொழியின் துரதிர்ஷ்டம் என்றே நினைக்கிறேன். ஓர் ஆப்ஜெக்டின் உண்மையான பெற்றோர் யார் என்று தெரிய வேண்டுமானால் ஆப்ஜெக்ட்.கெட்ப்ரோட்டோடைப்ஆஃப் என்று கேட்பதே நேர்வழி.

முகவரி என்று புரிந்துகொண்டால் இன்னொன்றும் தெளிவாகும். ஒரு ஃபங்ஷனின் ப்ரோட்டோடைப்பை நடுவில் முழுதாக வேறொன்றாக மாற்றினால், அதன்பின் பிறப்பவை புதிய முகவரிக்குப் போகும், முன்பே பிறந்தவை பழைய பெற்றோரிடமே இருக்கும். ஓர் ஆப்ஜெக்ட் இன்ன வகையா என்று கேட்கும் இன்ஸ்டன்ஸ்ஆஃப் கூட இந்த முகவரியைத்தான் பார்க்கிறது: இந்த ஃபங்ஷன் இப்போது வைத்திருக்கும் ப்ரோட்டோடைப், அந்த ஆப்ஜெக்டின் சங்கிலியில் எங்காவது இருக்கிறதா என்று தேடுகிறது. ஆப்ஜெக்ட் எந்த ஃபங்ஷனால் உருவானது என்று அது கேட்பதே இல்லை. ஐஃப்ரேமுக்குள்ளிருந்து (பக்கத்துக்குள் பதித்த இன்னொரு பக்கத்திலிருந்து) வந்த அரே ‘அரே இல்லை’ என்று பதில் வருவதும் இதனால்தான். அந்த ஃப்ரேமுக்குத் தனி அரே.ப்ரோட்டோடைப் இருக்கிறது, நம் சங்கிலியில் அது வராது. அங்கே அரே.இஸ்அரே என்று கேட்க வேண்டும்.

பெற்றோரை நேரடியாகச் சொல்லி ஆப்ஜெக்ட் உருவாக்கும் வழி, அதாவது ஆப்ஜெக்ட்.கிரியேட், 2009இல், ஜாவாஸ்கிரிப்டின் தர விவரணையான எக்மாஸ்கிரிப்டின் 5ஆம் பதிப்பில்தான் தரத்துக்குள் வந்தது. மொழி பிறந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து. அதுவரை செல்ஃபின் அந்த எளிய எண்ணத்தை, நியூ என்ற சுற்றுவழி மூலமாகத்தான் எட்ட முடிந்தது. ஒரு தலைமுறை நிரலர்களுக்கு ப்ரோட்டோடைப் புதிராகவே இருந்ததற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது.

2015இல் ‘கிளாஸ்’ வந்தது. இனி ப்ரோட்டோடைப்பை மறந்துவிடலாம் என்று அப்போது பலர் எழுதினார்கள், இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கிளாஸுக்குள் எழுதும் மெத்தட் அந்தக் கிளாஸின் ப்ரோட்டோடைப் ஆப்ஜெக்டில்தான் போய் உட்காருகிறது. ஒரு கிளாஸிலிருந்து இன்னொன்றைப் பிறப்பிக்க எக்ஸ்டெண்ட்ஸ் என்று எழுதினால் இரண்டு சங்கிலிகள் இணைகின்றன: ப்ரோட்டோடைப்புகள் ஒன்றோடொன்று, கிளாஸ்கள் ஒன்றோடொன்று. இரண்டாவது இணைப்பு இருப்பதால்தான் கிளாஸின் பெயரிலேயே அழைக்கும் ஸ்டாட்டிக் மெத்தட்களும் கீழே கிடைக்கின்றன. தேடும் முறையில் ஒன்றும் மாறவில்லை.

மறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. திஸ் தொலையாமல் இருக்க, கிளாஸுக்குள் மெத்தடை ஆரோ ஃபங்ஷனாக, சமக்குறி போட்டு எழுதும் வழக்கம் இருக்கிறது. அப்படி எழுதியது ப்ரோட்டோடைப்பில் போவதில்லை. பிறக்கும் ஒவ்வொரு ஆப்ஜெக்டிலும் தனித்தனி சொந்த ப்ராப்பர்ட்டியாக உருவாகிறது. ஆயிரம் ஆப்ஜெக்ட் என்றால் ஆயிரம் ஃபங்ஷன். பிள்ளைக் கிளாஸ் அதே பெயரில் சாதாரண மெத்தட் எழுதினால் அது ஓடவே ஓடாது, ஏனென்றால் தேடல் சொந்த ப்ராப்பர்ட்டியிலேயே நின்றுவிடும். பெற்றோரின் மெத்தடைக் கேட்கும் சூப்பர் போட்டு அழைத்தாலும் கிடைக்காது, சூப்பர் தேடுவது மேலே உள்ள ப்ரோட்டோடைப்பில். சூப்பர் எங்கே தேடத் தொடங்க வேண்டும் என்பது, மெத்தட் எந்த ஆப்ஜெக்டுக்குள் எழுதப்பட்டது என்பதை வைத்து எழுதும்போதே முடிவாகிவிடுகிறது. திஸ் அப்படியல்ல, அழைக்கும்போதுதான் முடிவாகிறது. ‘சூப்பர்.கூட்டு()’ என்ற ஒரே அழைப்பில் இந்த இரண்டு விதியும் சேர்ந்தே வேலை செய்கின்றன.

ஒவ்வொரு முறையும் தேடினால் மெதுவாகாதா

ஆகாது. செல்ஃபை உருவாக்கியவர்களுக்கே இந்தக் கவலை இருந்தது. அவர்கள் கண்டும் வளர்த்தெடுத்தும் வைத்த தீர்வுகள்தான் இன்றைய பிரவுசர்களிலும் ஓடுகின்றன. ஒரே பெயர்களை ஒரே வரிசையில் பெற்ற ஆப்ஜெக்டுகளுக்கு இன்ஜின் உள்ளுக்குள் ஒரே வடிவ அட்டையை ஒட்டுகிறது. ஓர் அழைப்பு வரியில் முதல் தடவை தேடும்போது, இந்த அட்டை உள்ள ஆப்ஜெக்ட் வந்தால் ‘கூட்டு’ இந்த இடத்தில் இருக்கிறது என்று அந்த வரியிலேயே குறித்துவைக்கிறது. இதற்கு இன்லைன் கேஷ் என்று பெயர். அடுத்த தடவை அட்டையை மட்டும் ஒப்பிட்டால் போதும். ஒரே வரிக்குப் பல அட்டைகள் வரும்போதும் குறித்துவைக்கும் முறையை 1991இல் உர்ஸ் ஹோல்ஸ்லே, கிரேக் சேம்பர்ஸ், டேவிட் அங்கர் மூவரும் வெளியிட்டார்கள். சன் நிறுவனத்தில் செல்ஃப் குழுவில் வேலை பார்த்த லார்ஸ் பாக்தான் பின்னால் கூகுளின் வி8 இன்ஜினைக் கட்டினார். 2008 செப்டம்பரில் குரோமோடு அது வெளிவந்தபோது ஜாவாஸ்கிரிப்டின் வேகம் பற்றிய பேச்சே மாறிப்போனது.

ஓடிக்கொண்டிருக்கும் ஆப்ஜெக்டின் பெற்றோரை செட்ப்ரோட்டோடைப்ஆஃப் மூலம் மாற்றாதீர்கள் என்று சொல்வதன் காரணமும் இதுதான். குறித்துவைத்தவை எல்லாம் சங்கிலி மாறாது என்ற நம்பிக்கையில் குறிக்கப்பட்டவை.

உச்சியில் எல்லோருக்கும் பொதுவான இடம்

இணைப்பு உயிரோடு இருப்பதால், உச்சியில் கை வைத்தால் கீழே எல்லோருக்கும் படும். 2006இல் வந்த மூட்டூல்ஸ் என்ற நிரல் நூலகம் அரே.ப்ரோட்டோடைப்பில் தன் சொந்த மெத்தட்களைச் சேர்த்தது. அதில் ஒன்று ‘ஃப்ளாட்டன்’, அரேக்குள் இருக்கும் அரேக்களைத் தட்டையாக்குவது. பல ஆண்டுகள் கழித்து மொழியிலேயே அதே பெயரில் மெத்தட் சேர்க்க, மொழியின் தரத்தை வகுக்கும் எக்மா குழு முயன்றது. 2018 தொடக்கத்தில் ஃபயர்பாக்ஸின் சோதனைப் பதிப்பில் அதைப் போட்டதும் ஒரு தளம் உடைந்தது.

மூட்டூல்ஸ் எப்படியும் தன் ஃப்ளாட்டனை மேலே எழுதிவிடும், அப்புறம் ஏன் உடைய வேண்டும்? காரணம் நாம் பார்த்த விதிகளுக்கு மிக அருகில் இருக்கிறது. அந்த நூலகம் அரே.ப்ரோட்டோடைப்பில் உள்ளவற்றை, ப்ராப்பர்ட்டிகளை ஒவ்வொன்றாகத் தரும் ஃபார்-இன் சுற்றில் எடுத்து, எலிமெண்ட்ஸ் என்ற தன் இன்னொரு ப்ரோட்டோடைப்புக்கு நகலெடுத்தது. நாம் சமக்குறி போட்டுப் புதிதாகச் சேர்க்கும் ப்ராப்பர்ட்டி ஃபார்-இன் சுற்றில் தென்படும். மொழியோடு வரும் மெத்தட்கள் தென்படாதபடி குறிக்கப்பட்டிருக்கும். தென்படாதபடி ஏற்கெனவே இருக்கும் பெயரில் சமக்குறி போட்டால் மதிப்பு மட்டும் மாறுமே தவிர அந்தக் குறி மாறாது. எனவே மொழியிலேயே ஃப்ளாட்டன் வந்ததும் மூட்டூல்ஸின் ஃப்ளாட்டன் சுற்றில் தென்படாமல் போய்விட்டது, எலிமெண்ட்ஸுக்கு நகல் போகவில்லை, அங்கே அதை அழைத்த பக்கங்கள் விழுந்தன. மாதக்கணக்கில் வாதம் நடந்து, கடைசியில் மொழி தன் மெத்தடுக்கு ‘ஃப்ளாட்’ என்று பெயர் வைத்துக்கொண்டு 2019 பதிப்பில் வெளியிட்டது. அரேயில் ‘கன்டெய்ன்ஸ்’ என்று வரவேண்டியது ‘இன்க்ளூட்ஸ்’ ஆனதற்கும் இதே நூலகத்தோடு நேர்ந்த மோதல்தான் காரணம். பழைய பக்கங்களை உடைக்கக் கூடாது என்று அவர்கள் விட்டுக்கொடுத்தது சரி என்றே நான் நினைக்கிறேன். அந்தப் பக்கங்களை எழுதியவர்கள் பலரும் அவற்றைத் திருத்த இப்போது இருக்கமாட்டார்கள்.

அதே உச்சி தாக்குதலுக்கும் வழியாகிறது. வெளியிலிருந்து வரும் ஜேசானை (எழுத்து வடிவில் அனுப்பும் தரவை) நம் அமைப்புகளோடு ஆழமாக ஒன்றிணைக்கும் ஃபங்ஷன் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஜேசானில், முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு போட்ட ‘ப்ரோட்டோ’ என்ற பெயரில் ஒரு சாவி வருகிறது. அதற்குள் ‘நிர்வாகி’ உண்மை என்று எழுதியிருக்கிறது. அந்த எழுத்தை ஆப்ஜெக்டாக்கும் ஜேசான்.பார்ஸ் அதைச் சாதாரணச் சொந்த ப்ராப்பர்ட்டியாகத்தான் வைக்கும், அதுவரை ஆபத்தில்லை. ஒன்றிணைக்கும் ஃபங்ஷன் அதே பெயரை நம் ஆப்ஜெக்டில் படிக்கும்போதுதான் விபரீதம் தொடங்குகிறது. அந்தப் பெயர் நம் ஆப்ஜெக்டின் பெற்றோரையே, அதாவது ஆப்ஜெக்ட்.ப்ரோட்டோடைப்பையே, எடுத்துக் கொடுத்துவிடும். ‘நிர்வாகி’ அங்கே எழுதப்படுகிறது. அடுத்த நொடி முதல் அந்த நிரலில் உள்ள கிட்டத்தட்ட எந்த ஆப்ஜெக்டிடம் ‘நீ நிர்வாகியா’ என்று கேட்டாலும், தன்னிடம் இல்லாததால் மேலே போய்ப் பார்த்து, ஆம் என்று சொல்லும். ஜேக்வெரி என்ற நிரல் நூலகத்தின் எக்ஸ்டெண்ட் ஃபங்ஷனில் இருந்த இந்த ஓட்டை 2019 ஏப்ரலில் 3.4.0 பதிப்பில் அடைக்கப்பட்டது. அதே ஆண்டில் லோடேஷ் என்ற இன்னொரு நூலகத்தின் டிஃபால்ட்ஸ்டீப் ஃபங்ஷனிலும் இதே வகை ஓட்டையை அடைத்தார்கள்.

அனுமதி சம்பந்தப்பட்ட எதையும் வெறும் புள்ளி வைத்துப் படிக்காமல் ஆப்ஜெக்ட்.ஹேஸ்ஓன் மூலம் சொந்தமாக இருக்கிறதா என்று கேட்பது இதற்கு ஒரு காப்பு. வெளியார் தரும் பெயர்களைச் சாவியாக வைக்கும் இடத்தில் மேப் என்ற தனிச் சேமிப்பு வகையைப் (அரேயின் மேப் மெத்தட் அல்ல) பயன்படுத்தலாம், அல்லது நல்லைப் பெற்றோராகக் கொடுத்து ஆப்ஜெக்ட் உருவாக்கலாம்.

என் பில் செயலியில் நான் செய்த திருத்தம் ஒரே வரிதான். வெற்று அரேயை ‘மேசை’யிலிருந்து எடுத்துவிட்டு, ஒவ்வொரு மேசையும் உருவாகும் இடத்தில் சமக்குறி போட்டு அதற்கென்று தனி அரே வைத்தேன். ‘சேர்’, ‘கூட்டு’ இரண்டும் மேலேயே இருக்கின்றன. அதற்குப் பிறகு உணவுப் பெயரையும் விலையையும் வைக்கும் பட்டியலை நல் பெற்றோரோடு உருவாக்கியபோது இன்னொன்றையும் கண்டேன். அந்தப் பட்டியலை ஒரு ஸ்ட்ரிங்கோடு கூட்டி லாக்கில் அச்சிடப் போனால் டைப்எரர் வருகிறது. டூஸ்ட்ரிங்கைக் கேட்டு மேலே போன தேடலுக்கு, அந்த ஆப்ஜெக்டுக்கு மேலே யாருமே இல்லை.